சந்தை நகர்ந்த திசை

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி ஒரு கல்தூண் நிற்கிறது. ஆள் உயரம் இருக்கலாம். பேருந்துக்கு ஓடுகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. 1773-இல் நட்ட ஆறு தூண்களில் இன்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அந்தத் தூண்களுக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கும் நடுவே யாரும் எதையும் கட்டக்கூடாது என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தரவு. கோட்டைப் பீரங்கிக்கு எதிரே பார்வை மறைக்காத வெட்டவெளி வேண்டும் என்பதற்காக வந்த உத்தரவு அது. சென்னையின் சந்தைகள் எப்படி இடம் மாறின என்று என் மாணவர்கள் கேட்டால் அவர்களை முதலில் இங்கேதான் கூட்டிவருவேன்.

உயர் நீதிமன்றம் இன்று நிற்கும் நிலத்திலும் அதைச் சுற்றியும்தான், இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம் இருந்தது. கோட்டையின் வடக்குச் சுவருக்கு நேர் வெளியே வீடுகள், கோயில், கடைத்தெருக்கள் எல்லாம் நெருக்கியடித்து நின்றன. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். மூன்றாண்டு கழித்து ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்தார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுப் படை, லாலியின் தலைமையில், மறுபடி வந்து முற்றுகையிட்டது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் பழைய நகரம் தரைமட்டமானது. ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். மிச்சத்தை, எதிரி ஒளிந்துகொள்ள வாய்ப்புத் தரக்கூடாது என்று ஆங்கிலேயர்களே இடித்தார்கள். ஊர் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தது. சந்தையும் கூடவே போனது. அந்தப் புதிய கறுப்பர் நகரத்துக்குத்தான் 1906-இல், வேல்ஸ் இளவரசராக இருந்த ஐந்தாம் ஜார்ஜ் வந்துபோனதை ஒட்டி, ஜார்ஜ் டவுன் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த முதல் இடப்பெயர்ச்சியில் வியாபாரிகளுக்கு யாரும் இடம் பார்த்துக் கொடுக்கவில்லை. அவர்களே பார்த்துக்கொண்டார்கள். எப்படிப் பார்த்தார்கள் என்பதைத் தெருவில் நடந்தாலே தெரிந்துகொள்ளலாம். 1757-இல் இடிபட்ட சென்னகேசவப் பெருமாள் கோயிலுக்கு ஈடாக, மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியால் தேவராஜ முதலி தெருப் பக்கம் சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் இரட்டைக் கோயில் எழுந்தது. அந்தக் கோயில்களைச் சுற்றியே பூ வியாபாரம் வேர்பிடித்தது. இன்றைக்கும் அந்த வட்டாரத்துக் காவல் நிலையத்தின் பெயர் பூக்கடை காவல் நிலையம். கோயிலுக்குப் போகிறவன் கையில் பூ வேண்டும், பூ வாங்கினவள் பக்கத்திலேயே மஞ்சள், குங்குமம், வெற்றிலை தேடுவாள் என்பதை எந்த வரைபடமும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாங்குகிறவர்களின் கால் எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியில் கூடையை இறக்கினார்கள், அவ்வளவுதான். சந்தைக்கு இடம் பார்க்கும் வித்தை அன்றும் இன்றும் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சென்னையை ஆண்டவர்கள் அடுத்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் சந்தைக்கு இடம் தேடியபோதெல்லாம் இந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்டார்கள், அல்லது கேட்கவேயில்லை. அவர்கள் முதலில் கேட்ட கேள்வி: இதை இங்கிருந்து எங்கே அப்புறப்படுத்துவது?

இரண்டு பேட்டைகளுக்கும் நடுவே ஒரு தாழ்ந்த பள்ளமும் சாக்கடையும் ஓடின. 1778-இல் சென்னைக்கு வந்த ஸ்டீபன் போப்ஹாம் என்ற வழக்கறிஞர் அந்த நிலத்தைத் தூர்த்து, அகலமான சாலையாக்கினார். அதுதான் போப்ஹாம்ஸ் பிராட்வே. இன்று பிரகாசம் சாலை. ஊருக்குக் காவல்துறை வேண்டும், தெருவிளக்கு வேண்டும், பிறப்பு இறப்புப் பதிவேடு வேண்டும் என்றெல்லாம் திட்டம் எழுதிக்கொண்டிருந்த மனிதர் அவர். தன் சாலையில் ஒரு சந்தையும் வைத்தார். இடம் அருமையான இடம். கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்துநாயக்கன்பேட்டை, தெற்கே கோட்டை, கூப்பிடு தூரத்தில் கடற்கரை. இரண்டு பேட்டைக்காரர்களும் ஒருவரையொருவர் சந்தித்தே ஆகவேண்டிய நடுக்கோடு அது. நூறாண்டுக்கு மேல் அந்தச் சந்தை உயிரோடு இருந்ததற்குக் காரணம் கட்டடம் அல்ல, அந்தக் கோடுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிராட்வே சந்தை நாறிப்போனது. நெரிசல், ஈ, தேங்கிய தண்ணீர். மாநகராட்சி அதைச் சுத்தம் செய்வதைவிட வேறிடத்தில் புதிதாகக் கட்டுவது மேல் என்று முடிவு செய்தது. மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்டினார். வரைந்தவர் ஆர்.இ. எல்லிஸ், கட்டியவர் ஏ. சுப்பிரமணிய அய்யர். 1900-இல் திறந்தார்கள். செங்கல் சிவப்பில், வளைவுகளும் கோபுரமுனைகளும் கொண்ட இந்தோ சாரசனிக் கட்டடம். நடுவே முற்றம், நாலாபுறமும் கடைகள்.

இடம்? பீப்பிள்ஸ் பார்க். 1859-இல் கவர்னர் டிரெவெலியன் பொதுமக்களுக்காக ஒதுக்கிய 116 ஏக்கர் பூங்காவின் ஓரம். 1873-இல் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலேயே வந்துவிட்டது. விக்டோரியா பப்ளிக் ஹால் கூப்பிடு தூரத்தில். பூங்காவுக்குள்ளே மிருகக்காட்சிசாலை. 1895 முதல் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. காலாற வருகிறவன், ரயிலுக்குக் காத்திருக்கிறவன், குழந்தையோடு சிங்கம் பார்க்க வந்தவன் எல்லாரும் கடக்கும் இடம். ஆகவே மூர் மார்க்கெட் பிழைத்தது, நன்றாகவே பிழைத்தது. ஆனால் பிராட்வேயில் கத்தரிக்காய் வாங்கிய குடும்பம் கத்தரிக்காய்க்காக அவ்வளவு தூரம் நடக்கவில்லை. நாளாக ஆக மூர் மார்க்கெட் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல், வண்ணமீன், பொம்மை, அபூர்வப் பொருள்கள் என்று வேறொரு சந்தையாக மாறியது. எதிரே ரயில் ஏறப் போகிறவனுக்கு எது வேண்டுமோ, ஞாயிற்றுக்கிழமை வந்தவனுக்கு எது ஆசையோ அது அங்கே விற்றது. சென்னையில் படித்து வளர்ந்த என் தலைமுறையில் மூர் மார்க்கெட்டில் பேரம் பேசிப் புத்தகம் வாங்காதவர்கள் குறைவு. நான் கல்லூரியில் படித்த வரலாற்றுப் பாடநூல்கள் பாதிக்கு மேல் அங்கே வாங்கியவை. முதல் பக்கத்தில் வேறு யாருடைய பெயரோ இருக்கும்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த நிலத்தில் ரயில்வே புறநகர் ரயில் முனையம் கட்டியது. அதன் பெயர் இன்னும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி வண்டிகளுக்கு ரயில்வேயின் சங்கேதத்தில் எம்.எம்.சி. என்று போடுகிறார்களே, அது இதுதான். பழைய கட்டடத்தின் சிறிய மாதிரி ஒன்றை வாகன நிறுத்துமிடத்தில் வைத்திருக்கிறார்கள். கடைக்காரர்களை அல்லிக்குளம் வணிக வளாகத்துக்கு மாற்றினார்கள். பழைய மூர் மார்க்கெட்டுக்கும் அல்லிக்குளத்துக்கும் நடை தூரம்தான். ஆனால் ஸ்டேஷனுக்குப் போகிறவன் வழியில் அது இல்லை. தேடிப் போகிறவனுக்கு மட்டுமே அது கிடைக்கும். தற்செயலாக எதிர்ப்படுகிறவனை இழந்த சந்தை எப்படி மெலியும் என்பதற்கு அல்லிக்குளத்துக் கடைகளைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

இனி கொத்தவால் சாவடி. இதை எழுதும்போது நான் நடுநிலையாளன் அல்ல. என் அம்மா பழைய வண்ணாரப்பேட்டையில் தெருத்தெருவாகக் கூடையில் காய் விற்றவர்.

கொத்தவால் சாவடிச் சந்தை ஆதியப்ப நாயக்கன் தெருவுக்கும் சுற்றியுள்ள சந்துகளுக்கும் நடுவே, கன்னிகா பரமேஸ்வரி தேவஸ்தானத்துக்குச் சொந்தமான நிலத்தில் வளர்ந்தது. யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. செங்குன்றம், பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்த காய்க்கு அது நகரத்தின் வாசல். பிறகு சால்ட் கோட்டர்ஸ் சரக்கு நிலையத்தில் இறங்கிய வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் அதுவே பக்கம். வாங்குகிறவர்களோ அதைச் சுற்றியே குடியிருந்தார்கள்: ஏழுகிணறு, மண்ணடி, சௌகார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை. பொருள் வரும் வழியும் ஆள் வரும் வழியும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டன. சந்தை உண்டாக வேறென்ன வேண்டும்?

அம்மா விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்புவார். மிண்ட் வழியாக நடந்தால் அரைமணியில் சாவடி. பள்ளி விடுமுறையில் நானும் போவேன். ராந்தல் போய் மஞ்சள் பல்பு வந்திருந்த காலம். தரையெல்லாம் முட்டைக்கோஸ் இலையும் சேறுமாக வழுக்கும். தலையில் சும்மாடு கட்டி, அதன்மேல் இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு "ஓரம் ஓரம்" என்று கத்திக்கொண்டே ஓடுகிறவர்களுக்கு வழிவிடாதவன் கீழே விழுவான். மண்டிக்காரர் ஒருவரிடம்தான் அம்மா வாடிக்கை. அவரை அண்ணாச்சி என்பார், அவர் அம்மாவைத் தங்கச்சி என்பார். "நேத்துப் பாக்கியக் குடுத்துட்டு இன்னிக்குச் சரக்க எடுத்துக்கோம்மா" என்பதுதான் அங்கே ஒப்பந்தப் பத்திரம். காலையில் கடனுக்கு எடுத்த காயை மதியத்துக்குள் விற்று, மறுநாள் காலையில் அந்தப் பணத்தைக் கொடுப்பார். முதல் போட வக்கில்லாத பெண் ஒருத்தி, நடந்துபோகும் தூரத்தில் ஒரு மொத்தச் சந்தை இருந்த ஒரே காரணத்தால், நான்கு பிள்ளைகளை வளர்த்தார். அவரைப் போலக் கூடைக்காரிகள் வடசென்னை முழுக்க இருந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றிய ஒரு வரி, நகர வளர்ச்சி ஆவணங்களில் நான் படித்தவரை, எங்கும் இல்லை.

சாவடியின் கேடுகளை மறைக்க நான் விரும்பவில்லை. லாரிகள் பெருகிய பிறகு அந்தச் சந்துகள் தாங்கவில்லை. நாசிக்கிலிருந்தும் கோலாரிலிருந்தும் வரும் லாரி உள்ளே நுழைந்தால் வெளியே வர விடிந்துவிடும். மழைக்காலத்தில் அழுகிய காயும் சாக்கடையும் கலந்து முழங்கால் வரை நிற்கும். நெருப்புப் பிடித்தால் வண்டி நுழைய வழி கிடையாது. பிரசவ வலியெடுத்த பெண்ணைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். மொத்த வியாபாரம் அங்கிருந்து போயே ஆகவேண்டியிருந்தது. அதில் எனக்கு மறுப்பில்லை.

உலகத்தில் அப்போது பல நகரங்கள் இதையே செய்துகொண்டிருந்தன. பாரிஸ் தன் வயிறாக இருந்த லே ஆல் சந்தையை 1969-இல் ஊருக்குத் தெற்கே ருஞ்சிஸுக்கு அனுப்பியது. லண்டன் 1974-இல் கோவென்ட் கார்டன் காய்கனிச் சந்தையைத் தேம்ஸுக்குத் தெற்கே நைன் எல்ம்ஸுக்கு மாற்றியது. இரண்டும் ஒரே காரணம், ஒரே தீர்வு. ஆனால் காலியான இடத்தை இரண்டு ஊரும் நடத்திய விதத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பாரிஸ், பால்டார் கட்டிய இரும்புக் கூடங்களை 1971 முதல் இடித்துத் தள்ளியது. பல ஆண்டுகள் அங்கே பெரிய பள்ளம்தான் இருந்தது, பிறகு நிலத்தடியில் ஒரு வணிக வளாகம் வந்தது. கோவென்ட் கார்டனையும் இடிக்கத் திட்டம் இருந்தது. அங்கே குடியிருந்தவர்கள் எதிர்த்து நின்று கட்டடங்களைக் காப்பாற்றினார்கள். 1980-இல் சந்தைக் கட்டடம் சில்லரைக் கடைகளும் உணவகங்களுமாக மீண்டும் திறந்தது. பழைய காய்க்காரர்கள் அங்கே திரும்பவில்லை என்பது உண்மை, வாடகை அவர்களுக்கானதல்ல. ஆனாலும் அந்த இடத்துக்கு மனிதர்கள் வரும் காரணம் ஒன்று மிஞ்சியது. மொத்தச் சந்தையை எங்கே கொண்டுபோவது என்பது பாதிக் கேள்வி, அது விட்டுப்போன இடத்தில் எதை வைப்பது என்பது மறுபாதி. சென்னை பாதிக் கேள்விக்கு மட்டும்தான் விடை எழுதியது.

எழுபதுகளின் நடுவில் சென்னைப் பெருநகருக்கு முதல் முழுமைத் திட்டம் தயாரானது. ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. காய், கனி, பூ மொத்த வியாபாரமும் வெளியூர்ப் பேருந்துகளும் கோயம்பேட்டுக்கு, இரும்பு வியாபாரம் மணலிப் பக்கம் சாத்தாங்காட்டுக்கு, லாரிகள் மாதவரத்துக்கு. திட்டத்துக்கும் செயலுக்கும் நடுவே இருபது ஆண்டு ஓடியது. குறுங்காலீசுவரர் கோயிலும் வயலுமாக இருந்த கோயம்பேட்டில், பூந்தமல்லி நெடுஞ்சாலையும் உள்வட்டச் சாலையும் சந்திக்கும் இடத்தில், 295 ஏக்கரில் வளாகம் எழுந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். பெங்களூரு லாரிக்கும் திருச்சி லாரிக்கும் அதைவிட வசதியான இடம் அமையாது. லாரியின் கண்ணோட்டத்தில் பார்த்தால் மிகச் சரியான தேர்வு என்று நான் இன்றும் சொல்வேன்.

வியாபாரிகள் எளிதில் நகரவில்லை. நகர்த்துவதற்குச் சட்டமே தேவைப்பட்டது. 1996-இல் தமிழ்நாடு அரசு, குறிப்பிட்ட பொருள்களின் சந்தை எங்கே நடக்கலாம் என்று ஒழுங்குபடுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி அறிவித்த சந்தைப் பகுதிக்கு வெளியே அந்தப் பொருள்களில் மொத்த வியாபாரம் செய்வது குற்றம். அந்த ஆண்டே சாவடி மண்டிகள் கோயம்பேட்டுக்குப் போயின. பூக்கடை வட்டாரத்துப் பத்ரியன் தெருப் பூக்காரர்கள் மட்டும் நெடுங்காலம் அசையவில்லை. கோயிலைவிட்டுப் பூ எங்கே போகும் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

அதன் பின் நடந்ததை நகரத்தின் வரைபடமே காட்டும். சந்தை வந்த கோயம்பேட்டுக்கு 2002 நவம்பரில் வெளியூர்ப் பேருந்து நிலையம் வந்தது. 2015 ஜூனில் சென்னையின் முதல் மெட்ரோ ரயில் ஓடியது ஆலந்தூரிலிருந்து கோயம்பேட்டுக்கு. விருகம்பாக்கம், அரும்பாக்கம், வடபழனி, மதுரவாயல் எல்லாம் வீடும் விடுதியும் கடையுமாக நிறைந்தன. ஒரு சந்தை ஒரு வட்டாரத்தை எழுப்பிவிட முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் கோயம்பேட்டைப் பார்த்தால் போதும். முடியும். சென்னையில் அது மேற்கே நடந்தது. கோட்டைக்குப் பக்கத்திலிருந்து பேட்டைகளுக்கு, பிராட்வேயிலிருந்து சென்ட்ரலுக்கு, சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு என்று சந்தை விலகியபோதெல்லாம் அரசின் கவனமும் பணமும் அதன் பின்னாலேயே போயின. வடசென்னைக்கு மிஞ்சியவை சாத்தாங்காட்டு இரும்பும் மாதவரத்து லாரியும்.

அம்மாவுக்கு என்ன ஆயிற்று? பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து கோயம்பேடு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்த அகாலத்தில் பேருந்து கிடையாது. நான்கைந்து பெண்கள் சேர்ந்து ஒரு மீன்பாடி வண்டியோ ஆட்டோவோ பேசிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். "காய் வாங்குற காசுல பாதி வண்டிக்காரனுக்கே போவுதுடா. அப்பறம் இன்னாத்த விக்கிறது?" என்றார் என்னிடம். அதைவிடப் பெரிய இழப்பு வாடிக்கை அறுந்தது. அண்ணாச்சி கோயம்பேட்டில் வேறு பிளாக்கில் கடை வாங்கி, பெரிய ஓட்டல்களுக்குச் சரக்கு போடத் தொடங்கிவிட்டார். அவர்மேல் தவறில்லை, அங்கே வியாபாரத்தின் அளவு வேறு. ஒரு கூடைக்குக் கடன் எழுதி வைக்கும் சிட்டை அந்த அளவில் இல்லை. தண்டல்காரரிடம் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, அம்மா கூடையை நிறுத்தினார். எங்கள் தெருவில் அப்படி நிறுத்தியவர்கள் பலர். காய்கறி வேண்டும் என்றால் பெரிய கடைக்குப் போ என்ற நிலை வடசென்னைக்கு வந்த கதை இதுதான். வீட்டு வாசலில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்த கிழவிகள்தான் அதில் முதலில் தவித்தார்கள்.

சாவடி காலியாகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மளிகைக் கடைகள் இருக்கின்றன. சில்லரைக் காய்க்கடைகள் தெருவோரத்தில் திரும்பி வந்தன. கோடவுன் தெருவில் துணி, நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனம், காசிச் செட்டித் தெருவில் பேன்சிப் பொருள் என்று தெருவுக்கொரு சரக்காக ஜார்ஜ் டவுன் பகலில் மூச்சுத் திணறுகிறது. இரவு ஒன்பதுக்குப் பிறகு அதே தெருக்களில் ஷட்டர்தான். மேல்மாடி வீடுகள் கிடங்குகளாகிக்கொண்டே வருகின்றன. குடும்பங்கள் போய்விட்டால் பால்கடையும் பள்ளியும் போய்விடும். குடியிருப்பவர்களை ஒரு நகரத்தின் நடுவில் பிடித்து வைப்பதற்கு அன்றாடச் சந்தையைப்போல இன்னொன்றை நான் கண்டதில்லை. விடிகாலையில் திறந்து, ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே தக்காளியை விற்கும் இடம் அது. ஜார்ஜ் டவுனுக்கு உயிரூட்டப் போவதாக வரும் திட்டங்களில் பழைய கட்டடங்களுக்கு வண்ணம் பூசுவது இருக்கிறது, விளக்கு போடுவது இருக்கிறது. காய்க்கடை இல்லை.

சந்தை கட்டிக் கொடுப்பது என்றாலே பலமாடிக் கட்டடம் என்று நம் மாநகராட்சிகள் நினைத்துவிடுகின்றன. 2013-இல் பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்காரர்களைப் பலமாடி வளாகத்துக்குள் ஏற்றினார்கள். வியாபாரம் படுத்துவிட்டது என்று அவர்கள் முறையிட்டார்கள். ரங்கநாதன் தெருவை யாரும் சந்தையாக அறிவிக்கவில்லை. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிறவன் உஸ்மான் சாலைக்குப் போக அதைக் கடக்கவேண்டும், அதனாலேயே அது தமிழ்நாட்டின் மிக நெரிசலான கடைத்தெருக்களில் ஒன்றானது. மாடிப்படி ஏறி நூறு கிராம் பச்சை மிளகாய் வாங்க யாரும் வரமாட்டார்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தபோது அரசு ஒரு நல்ல காரியம் செய்தது: காய் மூட்டையோடு விவசாயி ஏறிவரப் பேருந்து ஏற்பாடு செய்தது. பொருளும் ஆளும் வந்துசேரும் வழியைச் சந்தையோடு சேர்த்து யோசித்ததால்தான் அந்தத் திட்டம் ஊர் ஊராகப் பரவியது. குடியிருப்புக்கு நடுவே அமைந்த உழவர் சந்தைகள் காலை எட்டு மணிக்குள் விற்றுத் தீர்கின்றன. புறவழியில் மலிவாக நிலம் கிடைத்ததே என்று அமைத்தவை பலவற்றில் திண்ணைகள் காலியாகக் கிடக்கின்றன.

2020-இல் ஊரடங்கு வந்தபோது, யாரும் நினைக்காமலே ஒரு பரிசோதனை நடந்தது. நெரிசலைத் தவிர்க்கக் கொத்தவால் சாவடிக் காய்க்கடைகளைப் பிராட்வே பேருந்து நிலையத்துக்கு மாற்றினார்கள். பேருந்து ஓடாததால் காலியாகக் கிடந்த நடைமேடைகளில் தக்காளியும் வெங்காயமும் குவிந்தன. கோயம்பேட்டில் கொரோனா தொற்று பரவியதால் மே 5 அன்று அந்தச் சந்தையை மூடினார்கள்; காய் மொத்தச் சந்தை திருமழிசைக்கும் பழமும் பூவும் மாதவரத்துக்கும் போயின. செப்டம்பர் 28 அன்று காய்ச் சந்தை கோயம்பேட்டில் மீண்டும் திறந்தது. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் குவித்தால் அந்த இடம் நோயில் விழும் நாளில் ஊரே பட்டினி கிடக்கும் என்பதை அந்த ஐந்து மாதம் காட்டியது. அதோடு, வடசென்னைக்கு ஒரு சந்தை எங்கே வைக்கலாம் என்பதையும் காட்டியது.

பிராட்வே பேருந்து நிலையத்தையும் பக்கத்துக் குறளகம் கட்டடத்தையும் சேர்த்துப் பல்வகைப் போக்குவரத்து வளாகம் கட்டும் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். என் மனம் அங்கேதான் போய் நிற்கிறது. போப்ஹாம் சந்தை வைத்த அதே சாலை. உயர் நீதிமன்றம், மண்ணடி மெட்ரோ நிலையங்கள் 2019 பிப்ரவரியிலிருந்து இயங்குகின்றன. ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர்ப் பேருந்துகள் வந்து திரும்பும் இடம். பூக்கடையும் இரட்டைக் கோயிலும் எதிரே. கடன் வாங்கி வியாபாரம் செய்யும் பெண் நடந்து வரக்கூடிய தூரத்தில் ஏழுகிணறும் மண்ணடியும். அரசு நிலம், ஆகவே யாரையும் வெளியேற்ற வேண்டாம்.

அந்த வளாகத்தின் தரைத்தளம் சந்தையாக வேண்டும். முதல் மாடி அல்ல, நிலத்தடி அல்ல, தெருவோடு தெருவாக, சாலையிலிருந்து படியேறாமல் நுழையும் தளம். காலை நாலு மணிக்குத் திறந்து பத்து மணி வரை கூடைக்காரிகளுக்கு நாள் வாடகையில் திண்ணை. அதன் பின் நிலையான கடைகள். முத்திரை போட்ட தராசு, குடிதண்ணீர், கழிப்பறை, காய்க்கழிவை அன்றன்றே எடுக்கும் வண்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, கோயம்பேட்டிலிருந்து நள்ளிரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அரசே விடும் சரக்குப் பேருந்து: மூட்டைக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம், பக்கத்தில் உட்கார இடம். வாடகைக்கு நல்ல விலை கேட்கும் நகைக்கடைக்கும் கைபேசிக் கடைக்கும் மாடிகள் இருக்கின்றன; அந்த வருமானம் தரைத்தளத்தின் வாடகையைத் தாங்கட்டும். கட்டட வரைபடம் இறுதியாகும் முன், மண்ணடி, வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் இன்னும் கூடை தூக்கும் பெண்களைக் கூப்பிட்டு, எந்த வாசல் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று கேட்கவேண்டும்.